மூலையில மடிஞ்சு நிக்கற சர்ச்: ஃப்ராய்டன்ஷ்டாட்

ஜெர்மனியோட தென்மேற்கு ஓரத்துல, பிளாக் ஃபாரஸ்ட் மலைக்காட்டுக்கு நடுவுல, 700 மீட்டருக்கு மேல உயரத்துல ஃப்ராய்டன்ஷ்டாட்னு ஒரு சின்ன ஊர் இருக்கு. அந்த ஊர் சர்ச்சைப் பத்தி எங்க படிச்சாலும் முதல் வரியில ஒரே விஷயம்தான் வரும்: ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம் உக்காரணும், ஆராதனை நடக்கும்போது ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே கூடாது, அதுக்காகவே கட்டடத்தையே ரெண்டா மடிச்சுக் கட்டிட்டாங்க அப்படின்னு. கேக்க ரொம்ப சுவாரசியமா இருக்கு, கைடுங்களும் அதைத்தான் சொல்றாங்க, பொய்னும் சொல்ல முடியாது, நிஜமாவே அப்படித்தான் உக்காந்தாங்க. ஆனா அந்தக் கட்டடம் ஏன் அந்த வடிவத்துல நிக்குதுங்கறதுக்கு அது பாதி பதில்தான்னு நான் நினைக்கறேன். மீதிப் பாதி சர்ச்சுக்குள்ள இல்லை, வெளிய அந்த ஊரோட வரைபடத்துல இருக்கு.

முதல்ல வடிவத்தைச் சொல்லிடறேன். ஆசாரி கையில வெச்சிருக்கற மூலைமட்டம் இருக்குல்ல, அதே மாதிரி ரெண்டு நீளமான ஹால், ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா வந்து ஒரு மூலையில சேருது. ஒவ்வொரு கையோட கடைசியிலயும் ஒரு கோபுரம், ஆக மொத்தம் ரெண்டு கோபுரம், ஆனா ரெண்டும் மத்த சர்ச்சுங்க மாதிரி பக்கத்துப் பக்கத்துல நிக்காம ஒண்ணுக்கொண்ணு ரொம்பத் தள்ளி நிக்கும். ரெண்டு கையும் சேர்ற அந்த மூலையிலதான் ஆல்டர், அதாவது பீடம், அங்கயேதான் பிரசங்க மேடை. போதகர் அங்க நின்னா ரெண்டு பக்கத்து ஜனமும் அவருக்குத் தெரியும், ஆனா இந்தக் கையில உக்காந்திருக்கறவங்களுக்கு அந்தக் கையில இருக்கறவங்க கண்ணுக்கே தெரிய மாட்டாங்க.

இப்போ ஊர் எப்படி வந்துச்சுன்னு பாக்கணும், ஏன்னா இந்த இடத்துல ஊர்தான் முதல், சர்ச் அப்புறம். 1599க்கு முன்னாடி அங்க வெறும் காடு. அந்தக் காட்டுக்குக் கீழ கிறிஸ்டோஃப்ஸ்டால்னு ஒரு பள்ளத்தாக்குல வெள்ளிச் சுரங்கம் இருந்துச்சு. வூர்ட்டம்பெர்க் நாட்டை ஆண்ட டியூக் முதலாம் ஃப்ரீட்ரிஷ் அந்தச் சுரங்கத்துல பெரிய வருமானம் வரும்னு நம்பினாரு. அதோட அவருக்கு ரைன் நதிக்கு அந்தப் பக்கம் மோன்பெலியார்னு இன்னொரு நிலம் இருந்துச்சு, இன்னைக்கு அது பிரான்ஸ்ல இருக்கு. அந்தப் பக்கம் போற வழியில, கணவாய்க்குப் பக்கத்துல நமக்குன்னு ஒரு ஊர் இருந்தா நல்லதுன்னும் கணக்கு. 1599 மார்ச்ல காட்டுக்குள்ள முளைக்குச்சி அடிச்சுத் தெருவையும் வீட்டையும் அளந்து குறிச்சாங்க. அளந்தவர் ஹைன்ரிஷ் ஷிக்ஹார்ட், டியூக்கோட கட்டடக்காரர்.

குடியேற வந்தவங்க யாருங்கறது இந்த சர்ச்சுக்கு ரொம்ப முக்கியம். சுரங்கத் தொழிலாளிங்க வந்தாங்க, கூடவே ஆஸ்திரியாவுல ஹாப்ஸ்பர்க் ராஜ வம்சம் ஆண்ட நிலங்கள்ல இருந்து, ஸ்டைரியா, கரிந்தியா, கார்னியோலா பக்கத்துல இருந்து, புராட்டஸ்டன்ட்டா இருக்கறதுக்காகவே துரத்தப்பட்ட குடும்பங்களும் வந்துச்சு. அங்க 1600ஐ ஒட்டின வருஷங்கள்ல அந்த நிலங்களை ஆண்ட ஆர்ச்டியூக் ஃபெர்டினான்ட் கத்தோலிக்கத்துக்குத் திரும்பு, இல்லைன்னா ஊரை விட்டுப் போன்னு உத்தரவு போட்டிருந்தாரு. சொந்த ஊர்ல கும்பிட்ட சர்ச்சை விட்டுட்டு மூட்டை முடிச்சோட மலை ஏறி வந்த ஜனத்துக்கு, புது ஊர்ல லூத்தரன் முறையில, அதாவது மார்ட்டின் லூத்தர் வழி வந்த புராட்டஸ்டன்ட் முறையில ஒரு சர்ச் எழும்பறதுன்னா அது எவ்வளவு பெரிய விஷயமா இருந்திருக்கும்.

ஷிக்ஹார்ட்டைப் பத்தியும் கொஞ்சம் சொல்லணும், எனக்கு இவரை ரொம்பப் பிடிக்கும். 1558ல ஹெரன்பெர்க்ல பிறந்தவர், கல்லும் மரமும் கையாண்ட குடும்பம். வீடு, சர்ச், பாலம், மில், உப்புக் காய்ச்சற இடம், சுரங்கத்துக்கான வேலைன்னு எதையும் விடலை. 1599 கடைசியில டியூக்கோட இத்தாலிக்குப் போயி, போற வழியெல்லாம் பாத்த அரண்மனை, நீரூற்று, இயந்திரம் எல்லாத்தையும் நோட்டுல வரைஞ்சு எழுதி வெச்சுட்டு 1600ல திரும்பினாரு. அப்படிப்பட்ட ஆளுகிட்டதான் ‘காட்டுல ஒரு ஊர் கட்டு’ன்னு டியூக் கொடுத்தாரு.

ஷிக்ஹார்ட் போட்ட முதல் வரைபடங்கள்ல டியூக்கோட அரண்மனை ஊரோட ஒரு ஓரத்து மூலையில இருந்துச்சு. டியூக்குக்கு அது பிடிக்கலை. அரண்மனை நட்டநடுவுல ஒரு பெரிய சதுக்கத்துல நிக்கணும், அதைச் சுத்தி வீட்டு வரிசை ஒண்ணுக்கு வெளிய ஒண்ணா சதுரம் சதுரமா போகணும், அப்படின்னுட்டாரு. ஜெர்மன்காரங்க விளையாடற ஒரு பழைய பலகை ஆட்டம் இருக்கு, ஒண்ணுக்குள்ள ஒண்ணா மூணு சதுரம் போட்டுக் காய் நகத்தறது, ஊர் வரைபடத்துக்கு அந்தப் பலகைதான் மாதிரின்னு இன்னைக்கும் சொல்றாங்க. நடுச் சதுக்கத்தோட அளவு சுமார் 219 மீட்டருக்கு 216 மீட்டர், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 12 ஏக்கர். அந்த 12 ஏக்கரோட நாலு மூலைக்கும் நாலு பொதுக் கட்டடம்: சர்ச், நகர மன்றம், வியாபாரத்துக்கான கட்டடம், ஆஸ்பத்திரி.

இங்கதான் விஷயமே இருக்கு. நாலுமே மூலையைச் சுத்தி மடிஞ்சு வர்ற மாதிரியே திட்டம் போட்டாங்க. சர்ச் மட்டும் இல்லை. நகர மன்றத்துல ஆம்பளை பொம்பளையைப் பிரிச்சு உக்கார வைக்க வேண்டிய அவசியமே கிடையாது, சரக்கு விக்கற இடத்துலயும் கிடையாது, ஆனாலும் அதுவும் மடிஞ்சுதான் வருது. ஏன்னா சதுக்கத்தோட நாலு பக்கமும் ஒழுங்கா வீட்டு வரிசை வரும்போது மூலையில ஒரு நேரான நீள் சதுரக் கட்டடத்தை வெச்சா ஒரு பக்கம் சுவர் மாதிரி அடைச்சுக்கும், இன்னொரு பக்கம் திறந்து கிடக்கும். ரெண்டு பக்க வரிசையையும் முடிச்சுக் கொடுத்து மூலையை மூட்டு போட்டு நிறுத்தணும்னா கட்டடமே மடியணும். அதனால இந்த வடிவம் சதுக்கத்துக்காக எடுத்த முடிவு, அதுக்குள்ள ஆராதனையை எப்படிப் பொருத்தறதுங்கறது அதுக்கு அடுத்த கேள்வி.

இதுக்கு இன்னொரு சாட்சியும் இருக்கு. அதே டியூக், அதே ஷிக்ஹார்ட், அதே வருஷங்கள்ல மோன்பெலியார்ல செயின்ட் மார்ட்டின் சர்ச்சைக் கட்டினாங்க, 1601ல ஆரம்பிச்சு 1607ல முடிஞ்சுது, பிரான்ஸ்ல புராட்டஸ்டன்ட்டுக்காகவே கட்டி இன்னைக்கும் ஆராதனை நடக்கற சர்ச்சுகள்லயே பழசுன்னு அதைத்தான் சொல்றாங்க. அது எப்படி இருக்கு? நேரான ஒரே ஹால், நடுவுல ஒரு தூண்கூட இல்லாம விசாலமா. ஃப்ராய்டன்ஷ்டாட் சர்ச் 1601ல ஆரம்பிச்சு 1608ல முடிஞ்சுது, ஆக ரெண்டு வேலையும் ஒரே மனுஷனோட மேஜையில பக்கத்துப் பக்கத்துல கிடந்திருக்கு. ஆம்பளை பொம்பளை தனித்தனியா உக்காரறது அந்தக் காலத்துல லூத்தரன் சபைகள்ல ரொம்ப சாதாரணமான வழக்கம், நடுவுல ஒரு நடைபாதை விட்டாலே போதும், அதுக்குன்னு யாரும் கட்டடத்தை மடிக்கறதில்லை. பிரிச்சு உக்கார வைக்கறதுதான் காரணம்னா மோன்பெலியார்லயும் மடிச்சிருக்கணும். அங்க மடிக்க வேண்டிய மூலை இல்லை, அதான் நேரா நிக்குது.

ஆனா ஷிக்ஹார்ட்டோட திறமை எங்கன்னா, சதுக்கம் கொடுத்த கட்டாயத்தை ஆராதனைக்கு சாதகமா திருப்பிக்கிட்டாரு. புராட்டஸ்டன்ட்காரங்க புதுசா சர்ச் கட்ட ஆரம்பிச்சு அப்போ ரொம்ப நாள் ஆகலை, கிழக்கு ஜெர்மனியில டோர்காவ் கோட்டைக்குள்ள இருக்கற சாப்பல்ங்கற சின்ன ஆராதனைக்கூடம் 1544ல லூத்தரே வந்து பிரதிஷ்டை பண்ணினது, புராட்டஸ்டன்ட்டுக்காகவே கட்டினதுன்னு முதல்ல சொல்றது அதைத்தான். அதுக்கு முன்னாடி எல்லாம் பழைய கத்தோலிக்க சர்ச்சை அப்படியே எடுத்துக்கிட்டு பயன்படுத்தினாங்க, அதுல ஜனம் நீளமா உக்காந்திருக்கும், ஆல்டர் அந்தக் கோடியில எங்கயோ இருக்கும், பிரசங்கத்தைப் பாதிப் பேரு திரும்பித்தான் கேக்கணும். லூத்தரன் ஆராதனையில வசனம் வாசிக்கறதும் பிரசங்கமும்தான் உயிர், அப்போ பேசறவரு எல்லாருக்கும் கிட்டத்துல, எல்லார் கண்ணுக்கும் தெரியற இடத்துல நிக்கணும். ரெண்டு கை சேர்ற மூலையில ஒரு ஆளை நிறுத்தினா அவரு ரெண்டு ஹாலுக்கும் ஒரே நேரத்துல முன்னாடி நிக்கறாரு. அதே அளவு ஜனத்தை ஒரே நேர் ஹால்ல உக்கார வெச்சா கடைசி பெஞ்சு ரெண்டு மடங்கு தூரம் போயிடும், மடிச்சதால ரெண்டு கடைசி பெஞ்சும் கிட்ட வந்துடுது. ஆம்பளை பொம்பளை வழக்கம் அதுல அழகா பொருந்திச்சு, ஒரு கை இவங்களுக்கு, ஒரு கை அவங்களுக்குன்னு.

இதுல ஒரு இழப்பும் இருக்கு. கிழக்கு பாத்து கும்பிடறதுங்கற பழைய கிறிஸ்தவ ஒழுங்கு இங்க முடியவே முடியாது, ரெண்டு கை ரெண்டு திசை பாக்குது, ஒரு கை கிழக்குப் பாத்தாலும் இன்னொண்ணு பாக்காது. ஊர்வலமா ஆல்டர் நோக்கி நடந்து வர்ற அந்த நேர்கோடும் கிடையாது. உள்ள நுழைஞ்ச உடனே இதுதான் சர்ச்னு மொத்தமா ஒரே பார்வையில பாத்துட முடியாது, பாதியைத்தான் பாக்கலாம். எனக்கு இது குறையா தெரியலை, ஆனா பெரிய கதீட்ரல்களைப் பாத்துட்டு வர்றவங்களுக்கு ஏமாத்தமா இருக்கும்.

ஸ்டைல்னு பாத்தா ரெண்டு காலத்துக்கு நடுவுல நிக்கற கட்டடம். ஜன்னல்கள்ல கல்லுல கோதிக் பின்னல் வேலை, அதாவது கூர்மையான வளைவு போடற பழைய ஐரோப்பிய பாணி, வாசல்கள்ல ரெனசான்ஸ், இத்தாலியில இருந்து வந்த புது பாணி. இத்தாலி போயிட்டு வந்தவரு ஏன் கோதிக்கை விடலைன்னு கேக்கலாம். அந்தக் காலத்துல ஜெர்மனியில சர்ச்னா இப்படித்தான் இருக்கணும்னு ஜனத்துக்கு ஒரு பழக்கம், அரண்மனைக்கு ரெனசான்ஸ் போட்டவங்களே சர்ச் ஜன்னலுக்கு வந்தா கூர்மையான வளைவுதான் போட்டாங்க. உள்ள ஓரமா ஓடற மேல்மாடத்தோட முகப்பு முழுக்க பைபிள் காட்சிகளைச் சுதையில புடைப்பா செஞ்சு வண்ணம் பூசி வெச்சிருந்தாங்க. அது இப்போ இல்லை, அதுக்கு அப்புறம் வர்றேன்.

சர்ச் முடிஞ்ச அதே 1608ல, ஜனவரியிலயே டியூக் செத்துட்டாரு. அரண்மனை கட்டவே இல்லை. 12 ஏக்கர் சதுக்கம், நடுவுல இருக்க வேண்டியது இல்லாமலே நின்னுபோச்சு, அதான் இன்னைக்கு ஜெர்மனியிலயே பெரிய மார்க்கெட் சதுக்கம்னு ஊர்க்காரங்க பெருமையா சொல்லிக்கறாங்க. சுரங்கமும் டியூக் நினைச்ச அளவுக்குக் கொட்டலை. அப்புறம் கத்தோலிக்கப் பக்கமும் புராட்டஸ்டன்ட் பக்கமும் மோதின முப்பது வருஷப் போர் வந்துச்சு, 1632ல ஊர் தீப்பிடிச்சு எரிஞ்சுது, 1634ல நோர்ட்லிங்கன் சண்டையில புராட்டஸ்டன்ட் பக்கம் தோத்ததும் கத்தோலிக்கப் பேரரசரோட படைங்க வூர்ட்டம்பெர்க் முழுக்க புகுந்து சூறையாடிச்சு. ஷிக்ஹார்ட்டோட முடிவும் அதுலதான். எழுபது வயசு தாண்டினவரு, உறவுக்காரப் பொண்ணு ஒருத்தியை சிப்பாய்கிட்ட இருந்து காப்பாத்தப் போயி கத்திக்குத்து வாங்கி, 1635 ஜனவரியில இறந்தாரு. அவ்வளவு ஊருக்கும் பாலமும் வீடும் கட்டிக்கொடுத்த மனுஷனுக்கு அப்படி ஒரு சாவு.

சர்ச்சுக்குள்ள ரெண்டு பொருள் இருக்கு, ரெண்டும் கட்டடத்தை விட 400, 500 வருஷம் மூத்தது. ஒண்ணு வேதம் வாசிக்கற மேஜை, 12ஆம் நூற்றாண்டுல மரத்துல செதுக்கினது. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நாலு பேரும் முதுகுக்கு முதுகு காட்டி நின்னு, கையைத் தூக்கி, மேல இருக்கற வாசிப்புப் பலகையைச் சுமக்கறாங்க, அவங்களுக்கு மேல அவங்கவங்க அடையாளம்: மனுஷன், சிங்கம், காளை, கழுகு. உடம்பு ஒல்லியா நீளமா, உடுப்போட மடிப்பு எல்லாம் நேர்கோடா இறங்குது, பழைய வண்ணம் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. கல்லுல செஞ்ச அந்தக் காலத்து வேலை எவ்வளவோ மிஞ்சியிருக்கு, மரத்துல, அதுவும் வண்ணத்தோட மிஞ்சினது ரொம்ப அபூர்வம். சுவிசேஷத்தை எழுதினவங்களே சுவிசேஷப் புத்தகத்தைத் தோள்ல தூக்கி நிக்கறாங்கங்கற அந்த யோசனை எனக்கு ஒவ்வொரு தடவை படத்தைப் பாக்கும்போதும் அடிச்சுப் போடுது.

இன்னொண்ணு ஞானஸ்நானத் தொட்டி, மணற்கல்லுல செஞ்சது, 1100ஐ ஒட்டின காலம். சுத்தி மிருகங்க, ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு. அதுல ஒரு மான் வாயில இருந்து பாம்பு வெளிய வருது, கூடவே லத்தீன்ல ஒரு வரி வெட்டியிருக்கு, பாம்பு ஏத்தின விஷத்தை மனுஷனும் மான் மாதிரி கக்கிடறான்னு அர்த்தம். மான் பாம்பை முழுங்கிட்டா விஷம் இறங்கறதுக்கு ஓடிப்போயி நீரோடையில தண்ணி குடிக்கும்னு அந்தக் காலத்து ஐரோப்பாவுல ஒரு நம்பிக்கை. ஞானஸ்நானத் தண்ணி பாவத்தோட விஷத்தை வெளிய தள்ளுதுங்கறதை படிக்கத் தெரியாத ஜனத்துக்கும் புரியற மாதிரி ஒரு மானை வெச்சு சொல்லியிருக்காங்க.

புது ஊரு, புது சர்ச், இதுல எப்படி இவ்வளவு பழைய பொருள்? வூர்ட்டம்பெர்க் 1534ல புராட்டஸ்டன்ட் ஆனதும் அங்க இருந்த மடங்கள் எல்லாம் ஒண்ணொண்ணா கலைஞ்சுபோச்சு, உள்ள இருந்த சாமானெல்லாம் ஆளில்லாம கிடந்துச்சு. தெக்க பக்கத்துலயே ஆல்பிர்ஸ்பாக் மடம், வடக்க கொஞ்சம் தள்ளி ஹிர்ஸாவ் மடம், இந்த ரெண்டுல ஒண்ணுல இருந்துதான் வந்திருக்கணும்னு ஆராய்ச்சிக்காரங்க கருதறாங்க. காலியா நின்ன புது சர்ச்சுக்கு அதை எடுத்துட்டு வந்து வெச்சதாலதான் அது இன்னைக்கு நமக்கு இருக்கு.

இப்போ 1945. ஏப்ரல் 16, போர் முடிய மூணு வாரம்தான் பாக்கி. பிரெஞ்சு ராணுவம் ஊரைப் பீரங்கியால அடிக்க ஆரம்பிச்சுது, தீ பரவிச்சு, தண்ணிக் குழாயும் போச்சு, அணைக்க வழியில்லாம ராத்திரி முழுக்க எரிஞ்சுது. 17ஆம் தேதி பிரெஞ்சுக்காரங்க உள்ள வந்தப்போ சதுக்கத்தைச் சுத்தி இருந்த ஊரே இல்லை, சுமார் 600 கட்டடம் போச்சு. அதுக்கப்புறம் நடந்த கொள்ளையும், பொம்பளைங்களுக்கு நடந்த கொடுமையும் அந்த ஊர் பல வருஷம் வாய் திறந்து பேசாத விஷயம். சர்ச் உள்ள முழுசா எரிஞ்சுது. கூரை, மேல்மாடம், அந்த சுதைப் புடைப்பு பைபிள் காட்சிங்க எல்லாம் போச்சு. மரத்துல செஞ்ச அந்த வாசிப்பு மேஜை தப்பிச்சுது. 800 வருஷத்து மரம், கல்லே வெடிச்ச ஊர்ல.

மறுபடி கட்டறப்போ ஊர்ல பெரிய விவாதம். பழையபடியே கட்டறதா, நவீனமா கட்டறதா, தெருவை நேராக்கறதா அகலமாக்கறதான்னு. லுட்விக் ஷ்வைட்சர்னு ஒரு கட்டடக் கலைஞர் தலைமையில 1949ல இருந்து 1954க்குள்ள ஊரை எழுப்பினாங்க. சதுக்கத்தோட அளவையும் தரைத்தளத்துல ஓடற வளைவு வெச்ச நடைபாதையையும் வெச்சுக்கிட்டாங்க, ஆனா வீடுங்களைத் திருப்பிட்டாங்க. பழைய ஊர்ல ஒவ்வொரு வீடும் முக்கோண முகப்பை சதுக்கத்துப் பக்கம் காட்டி நின்னுச்சு, புதுசுல கூரைச் சரிவு சதுக்கம் பாத்து ஒரே வரிசையா ஓடுது. இதை ஷிக்ஹார்ட்டோட ஊரைக் கெடுத்துட்டாங்கன்னு அப்பவும் சொன்னவங்க இருந்தாங்க. நான் அப்படி நினைக்கலை. வீடில்லாம ஒண்டிக்கிட்டிருந்த குடும்பங்களுக்கு அஞ்சு வருஷத்துல ஒழுங்கான வீடு கிடைச்சுது, சதுக்கமும் அதோட ஒழுங்கை இழக்கலை, அவ்வளவு அவசரத்துல அதைச் செஞ்சது பெரிய காரியம்.

சர்ச்சை மட்டும் எதுவும் திருப்பலை. 1951ல மறுபடி திறந்தப்போ அதே ரெண்டு கை, அதே ரெண்டு கோபுரம், அதே மூலையில ஆல்டர். ஆம்பளை பொம்பளையைப் பிரிச்சு உக்கார வைக்கத்தான் இந்த வடிவம்னா, 1951ல அந்தக் காரணமே செல்லாக்காசு ஆயிடுச்சு, கை ஒண்ணை வெட்டிட்டு நேரா ஒரு ஹால் போதும்னு விட்டிருக்கலாம், செலவும் பாதிதான். விடலை. ஒரு கையை எடுத்தா சதுக்கத்தோட மூலை திறந்துபோயிடும்.

இந்த வடிவம் ஜெர்மனியில வேற எங்கயும் இல்லைன்னு சிலர் எழுதறாங்க, அது சரியில்லை. துரிங்கியா மாநிலத்துல ரூலாங்கற சின்ன ஊர்ல செயின்ட் கன்கார்டியா சர்ச் 1660, 61ல இதே மாதிரி மடிச்சுக் கட்டினதுதான். ஆனா ரொம்ப அபூர்வமான வகை. ஃப்ராய்டன்ஷ்டாட்டுக்கு ஷ்டுட்கார்ட்ல இருந்தும் கார்ல்ஸ்ரூஹேல இருந்தும் ட்ரெயின் இருக்கு. போறவங்க நேரா உள்ள நுழையாம முதல்ல சதுக்கத்தோட நடுவுல, அரண்மனை வந்திருக்க வேண்டிய இடத்துல நின்னு நாலு மூலையையும் பாருங்க, அப்புறம் உள்ள போயி ஒரு கையில கொஞ்ச நேரம், எதிர்க் கையில கொஞ்ச நேரம் உக்காருங்க. வாசிப்பு மேஜையைச் சுத்தி நடந்து நாலு முகத்தையும் பாக்க மறக்காதீங்க, முன்னாடி நின்னு ஒரு ஃபோட்டோ எடுத்துட்டு வந்துட்டா மீதி ரெண்டு மூணு பேரைப் பாக்காமலே வந்துடுவீங்க.